கார்டிசால் அவ்வளவு மெதுவா?

ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் பற்றி யார் கேட்டாலும் என்னிடம் ஒரு ரெடிமேட் பதில் இருந்தது: அட்ரினலின் வேகம், கார்டிசால் நிதானம். அது பாதிதான் சரி என்பது கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

பாடப்புத்தகம் சொல்வது இது. கார்டிசால் ஒரு ஸ்டீராய்டு. செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய் அங்கிருக்கும் ஏற்பியோடு சேரும். இரண்டும் உட்கருவுக்குள் நுழைந்து சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். புதுப் புரதங்கள் உருவாகி வேலையில் இறங்கணும். அதற்கு மணிக்கணக்கில்கூட ஆகலாம். இதில் தப்பே இல்லை. இது மட்டும்தான் வழி என்று நினைச்சுட்டு இருந்ததுதான் தப்பு.

என்னை முதலில் யோசிக்க வைத்தது நியூட். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும், பல்லி மாதிரி உருவம் கொண்ட நீர்நில உயிரி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் நியூட், பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கார்டிகோஸ்டீரோன் (நம் கார்டிசாலின் பங்காளி) ஊசி போட்டால் சில நிமிடங்களிலேயே அந்த நாட்டம் போய்விடுகிறது. மரபணு வழியாகச் சுற்றி வர நேரம் ஏது? 1991-ல் ஆர்ச்சினிக், முர்ரே, மூர் மூவரும் விடை சொன்னார்கள்: நியூட்டின் நரம்பு செல் சவ்விலேயே இந்த ஹார்மோனுக்கு ஓர் ஏற்பி இருக்கிறது.

2003-ல் டாஸ்கர் குழு எலியின் ஹைப்போதலாமஸைப் பார்த்தது. ஸ்டீராய்டைப் பெரிய புரதம் ஒன்றோடு கட்டிவிட்டார்கள், செல்லுக்குள் நுழைய முடியாதபடி. அப்படியும் சில நிமிடங்களில் விளைவு தெரிந்தது. ஸ்டீராய்டு பட்ட செல் எண்டோகன்னாபினாய்டை வெளிவிடுகிறது. அது சினாப்ஸில் பின்னோக்கிப் போய், தகவல் அனுப்பும் நரம்பு முனையிடம் 'குளூட்டமேட்டைக் குறை' என்கிறது. இந்த ஹார்மோன் சுரக்கும்படி உத்தரவு போடும் செல்களும் இங்கேதான் இருக்கின்றன. ஆக, ஹார்மோன் தனக்குத் தானே பிரேக் போடுகிறது!

2005-ல் கார்ஸ்ட், யோல்ஸ் குழு சுண்டெலியின் ஹிப்போகேம்பஸில் கண்டது நேர் எதிர். அங்கே அதே ஹார்மோன் நிமிடங்களில் குளூட்டமேட் வெளியீட்டைக் கூட்டியது. ஹார்மோனைக் கழுவிவிட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

ஒரே ஹார்மோன்; ஆனால் இரண்டு கடிகாரங்கள், இடத்துக்கு ஒரு வேலை. இனி யாராவது "கார்டிசால் கூடினா மூளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால், பழைய பதிலைச் சொல்லமாட்டேன். முதலில் திருப்பிக் கேட்பேன்: எத்தனை நிமிஷம் கழிச்சு? மூளையில் எந்த இடத்தில்?