பிள்ளைகள் கையால் ஒரு பாத்தி, பிள்ளைகள் கையால் ஒரு பொரியல்



போன மாதம் ஊராட்சி அளவிலான கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கும் சகோதரி ஒருவர் சொன்னார்: "கிச்சடியில காய் போட்டுத்தான் செய்யிறோம் மேடம். பிள்ளைங்க அத்தனையும் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சிடுது. தட்டு கழுவுற இடத்துல பாத்தா காய் தனியா கிடக்கு." பக்கத்தில் இருந்தவர், "பள்ளிக்கூடத்துல என்ன, எங்க வீட்லயே அந்தக் கதைதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை.

2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு. அதாவது நமது குழுவில் 12 பேர் உட்கார்ந்திருந்தால் அதில் 6 பேர். பிள்ளை படிப்பில் மந்தமாக இருக்கிறாள், சும்மா சும்மா படுத்துக்கொள்கிறாள் என்று திட்டுகிறோமே, அது சோம்பேறித்தனமாக இல்லாமலும் இருக்கலாம்.

இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு எல்லாக் குழுக்களுக்கும் காய்கறி விதைப் பாக்கெட் கொடுத்தோம். கொடுத்தது சித்திரை மாதம். நமது வட்டாரம் வானம் பார்த்த பூமி, குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற மாதம் அது. முளைத்ததை வெயில் தின்றது, மீதியைக் கோழி தின்றது. "விதை நல்லால்ல மேடம்" என்று சொன்னீர்கள். விதை நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் கொடுத்த நாள்தான் சரியில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பாட்டிகள் சொன்னதை சமூகப்பணி படித்துவிட்டு வந்த நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்த வருடம் ஒரே ஒரு வீட்டில் மட்டும் செடி பிழைத்தது. என்ன விசேஷம் என்று பார்க்கப் போனால், அந்த வீட்டில் 7 வயதுப் பையனும் அவன் தங்கச்சியும் ஆளுக்கு நான்கு வெண்டைச் செடியைப் பிரித்துக்கொண்டு, கை கழுவுகிற தண்ணீரைக்கூட மக்கில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். "என் செடி காய்ச்சிருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். அம்மா சொன்னார்: "வெண்டைக்காய்னா வழவழன்னு இருக்குன்னு துப்புவான் மேடம். அவன் செடிக் காய்ங்கவும் வாயை மூடிட்டுத் தின்னுட்டான்." அதன் பிறகுதான் விதையைப் பெரியவர்கள் கையில் கொடுப்பதைவிடப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நல்லது என்று எங்களுக்குப் புரிந்தது.

எதை முதலில் போடலாம்?

பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்குப் போட்டால் நாளைக்கு முளைக்க வேண்டும். அதனால் முதலில் கீரை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் நான்கைந்து நாளில் தலைகாட்டும், 25 நாளில் பறித்துவிடலாம். விதை பொடிசாக இருப்பதால் ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு மணல் கலந்து தூவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தி ஓரம் சாம்பல் தூவலாம். முதல் சில நாட்கள் தண்ணீரைக் குடத்தோடு சாய்க்காமல், கையால் தெளிக்க வேண்டும்.

அடுத்தது வெண்டை. விதையை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஒன்றரை அடி இடைவெளியில் குழிக்கு இரண்டு விதை. சுமார் 45 நாளில் காய்க்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். அப்படி முற்றியதை விதைக்கு விடுங்கள். கூரை, வேலி இருந்தால் அவரை, சுரை, பீர்க்கு. தக்காளி, கத்தரிக்கு நாற்று விட்டு 25, 30 நாள் கழித்துப் பிடுங்கி நட வேண்டும். இது பெரிய பிள்ளைகளுக்கான வேலை.

முருங்கை இல்லாத வீடு இருக்கக் கூடாது. போத்து வெட்டி ஊன்றலாம். விதை மூலம் வளர்க்க பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 ரகம் இருக்கிறது. ஆறேழு மாதத்தில் காய்க்கும், கீரை அதற்கு முன்பே ஒடிக்கலாம். முருங்கை வாசலில் இருந்தால் ஆகாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வேண்டாம், கொல்லையில் வையுங்கள்.

பாத்தி 10 அடிக்கு 4 அடி போதும். இடமே இல்லையென்றால் பழைய சாக்கு, உடைந்த குடம். அடியில் ஓட்டை மட்டும் போட மறக்காதீர்கள். உரத்துக்கு மக்கிய தொழுஉரம்தான். பச்சைச் சாணியைப் போட்டால் செடி வெந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கு. சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம். பூச்சி வந்தால் கடையில் மருந்து வாங்கி அடித்துவிடாதீர்கள், அந்தக் காயை நம் பிள்ளைதான் பறித்த உடனே கடிக்கப் போகிறது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை நேரத்தில் தெளியுங்கள். கசப்பு இருக்கும், பறித்த காயை நன்றாகக் கழுவ வேண்டும்.

செருப்பு ரொம்ப முக்கியம். வெறுங்காலோடு மண்ணில் நின்றால் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் ஊறட்டும் என்று கீரை போட்டு, புழுவுக்கு ரத்தம் கொடுத்த கதையாகிவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, கால் கழுவச் சொல்லுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றுவதைப் பெண் பிள்ளை தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஏற்கெனவே அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், குடம் தூக்குகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். செடியைப் பிரித்துக் கொடுக்கும்போது பையனுக்கும் அதே அளவு செடி, அதே அளவு தண்ணீர்.

அடுப்படிக்கும் கூப்பிடுங்கள்

வளர்த்தால் மட்டும் போதாது, சமைக்கவும் விட வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளை முருங்கைக்கீரை உருவும், அவரைக்காய்க்கு நார் உரிக்கும். கொஞ்சம் சிந்தும், நேரம் ஆகும். காலை அவசரத்தில் முடியாது, ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். 6, 7 வயதில் வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்கலாம். துடைத்த பிறகு நறுக்கினால்தான் வழவழப்பு குறையும். வதக்கும்போது ஒரு கரண்டி மோர் விட்டால் இன்னும் நல்லது. அரிவாள்மனை, எரிகிற அடுப்பு, கொதிக்கிற எண்ணெய் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று கேழ்வரகு அடை. கேழ்வரகு மாவு இரண்டு டம்ளர், உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் ஒன்று, உப்பு. கைபொறுக்கும் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய வாழை இலையில் தட்ட வேண்டும். தட்டுவது பிள்ளை வேலை. கோணல்மாணலாக வரட்டும், அந்த அடையை அதுவே கேட்டு வாங்கித் தின்னும். கல்லில் போட்டு எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவைப்பது நாம்.

கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் விடுங்கள். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராது, ஒரு மணி நேரம் போகட்டும். பிள்ளைக்கும் அவசரப்பட்டு டீ பழக்காதீர்கள்.

கீரை சாப்பிட்டாலே ரத்தசோகை போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ரத்தம் குறைவு என்று நர்ஸ் சொன்னால் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் மகள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பொரியலை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியதை நீங்களும் மகளும் வழித்துத் தின்கிற பழக்கத்தையும் நாங்கள் வீடு வீடாகப் பார்க்கிறோம். தோட்டம் போட்டும் அது மாறவில்லை என்றால் யாருக்காகப் போட்டோம்?

கணக்கும் பார்ப்போம். பிள்ளைக்கு 5 ரூபாய் நொறுக்குத் தீனிப் பாக்கெட் நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 300 ரூபாய். குழுவில் நம் மாதச் சேமிப்பு எவ்வளவு என்று பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

இந்த முறை ஆனி மாதக் கூட்டத்திலேயே விதை தருகிறோம். சிறுகீரை, தண்டுக்கீரை, வெண்டை, அவரை, சுரை என ஐந்து வகை. வாங்க வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள், விதை அவர்கள் கையில்தான் கொடுக்கப்படும். இலவசம் இல்லை, இதுவும் கடன்தான். தை மாதக் கூட்டத்தில் விளைந்ததிலிருந்து ஒரு கைப்பிடி விதையைச் சாம்பல் கலந்து காயவைத்துத் திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது.