கொடுத்தலும் கேட்டறிதலும்

வாசலில் வந்து கை நீட்டுபவருக்கு ஒரு பிடி அரிசி இடுவது நம் முன்னோர் வளர்த்த அறம். அதனை நாம் இன்றும் கைவிட்டோமில்லை. ஆயினும், நேற்று அரிசி பெற்றுச் சென்றவர் இன்றும் அதே வாசலில் ஏன் நிற்கிறார் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? அந்த வினாவிலிருந்துதான் சமூகப் பணி என்னும் துறை பிறக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது தருமம். இல்லாமைக்குக் காரணம் யாது என்று கேட்டறிந்து, அதனை நீக்க முயல்வது சமூகப் பணி. இந்த வேறுபாட்டை நம் கொழும்பு மாநகரைக் கொண்டும், ஐரோப்பாவின் நடுவே உள்ள பிராக் நகரைக் கொண்டும் இன்று சிந்திப்போம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்த்திசைக் கப்பல்களுக்குக் கொழும்பு நடுவழித் தங்குமிடமாயிற்று. 1875-இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைக் கட்டும் வேலை தொடங்கியது. கப்பல்களில் சுமை ஏற்றவும் இறக்கவும், தேயிலைக் களஞ்சியங்களில் வேலை செய்யவும் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையின் கிராமங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். வேலை இருந்தது, இருக்க இடம் இல்லை. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெரிய வீடுகளின் பின்வளவுகளில் வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. அவற்றையே கொழும்பு மக்கள் ‘தோட்டம்’ என்று அழைத்தனர். அங்கே பூவும் இல்லை, தேயிலையும் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரு நீர்க்குழாய். பல குடும்பங்களுக்கு ஒரு மலகூடம். அவ்வளவே அந்தத் தோட்டத்தின் செல்வம்.

இந்நிலையை வெறும் இரக்கத்தோடு மட்டும் பாராமல் அறிவோடும் நோக்கியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் புதல்வர் அவர். அரசாங்க சேவையில் பதிவாளர் நாயகமாக இருந்தவர். 1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. மக்களை எண்ணிக் கணக்கெடுத்தவருக்கு, ஒவ்வோர் எண்ணின் பின்னாலும் ஒரு குடும்பம் இருப்பது தெரியும் அன்றோ? சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1915-இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நகரத்து ஏழைகளின் கல்வி, மருத்துவம், கைத்தொழில் ஆகியவற்றில் அச்சங்கம் கருத்தைச் செலுத்தியது. 1919-இல் அவர் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். பின்னாளில் தொழில் அமைச்சராக விளங்கிய பெரி சுந்தரம் அதில் அவருக்குத் துணை நின்றார். வேலை ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. 1921-இல் அத்தண்டனை நீக்கப்பட்டது. சிறைப்பட்டவனின் குடும்பத்துக்குச் சோறிடுவது ஒரு வழி. அவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை மாற்றுவது மற்றொரு வழி. அருணாசலம் இரண்டாவது வழியையும் கண்டார்.

அருணாசலம் இங்கே சங்கம் நிறுவிய அதே 1915-ஆம் ஆண்டில், பிராக் நகரில் ஒரு பெண்மணி கைதானார். பின்னர் செக்கோசிலோவாக்கியாவின் முதற் குடியரசுத் தலைவரான தோமஸ் மசாரிக்கின் மகள் அலிஸ் மசாரிக் அவர். தந்தையார் நாட்டின் விடுதலைக்காக வெளிநாடுகளில் உழைத்துக் கொண்டிருந்தமையால் ஆஸ்திரிய அரசு மகளைச் சிறையிலிட்டது. முன்பு சிக்காகோவின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் சமூகப் பணியாளருடன் வாழ்ந்து பயின்றவர் அலிஸ். அங்கே அவரை அறிந்தவர்கள் அமெரிக்காவில் எழுப்பிய குரல், 1916-இல் அவர் விடுதலை பெறத் துணை செய்தது. 1918-இல் அவர் பிராக்கில் சமூகப் பணிக்கென ஓர் உயர்பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டில் அமெரிக்கப் பெண் பணியாளரை வரவழைத்து நகரின் வாழ்க்கை நிலையை ஆராயச் செய்தார். முதலில் கேட்டறிதல், பின்னரே உதவுதல் என்பது அவர் கொள்கை. 1928-இல் பாரிஸ் நகரில் கூடிய முதலாவது அனைத்துலகச் சமூகப் பணி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இத்தகைய தொடக்கம் கண்ட நாட்டில் அப்பணி பின்னர் தளர்ந்தது ஏன்? 1948-இல் அங்கே ஆட்சி மாறியது. புதிய சமுதாயத்தில் வறுமைக்கு இடமே இராது. ஆகவே அதனை ஆராய்வோரும் வேண்டியதில்லை என்னும் கருத்து ஓங்கிற்று. சமூகப் பணிக்கான உயர்கல்வி கைவிடப்பட்டது. அலிஸ் நாட்டைவிட்டு வெளியேறி, 1966-இல் சிக்காகோவில் மறைந்தார். 1989-இல் ஆட்சி மீண்டும் மாறிய பின்னரே பல்கலைக்கழகங்கள் இக்கல்விக்கு மறுபடி இடமளித்தன. அதற்குள் காணாமல் விடப்பட்டவை பெருகியிருந்தன. செக் நாட்டில் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள், 2006-இல் செய்த ஆய்வில் முந்நூற்றுக்கு மேல் எனத் தெரிந்தன. 2015-இல் அத்தொகை அறுநூற்றைத் தாண்டியது. அங்கே வாழ்வோரில் ரோமா இனத்தவர் மிகப் பலர். இல்லையென்று சொல்லிவிடுவதால் துன்பம் இல்லாமற் போவதில்லை. பார்ப்பார் இல்லாமற் போகிறார், அவ்வளவே.

இனி நம் ஊருக்கு வருவோம். 1952-இல் கொழும்பில் சமூகப் பணியைக் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று தோன்றியது. பின்னர் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. 2005 முதல் பட்டக் கல்வியும் அளிக்கலாயிற்று. கொழும்புத் தோட்டங்களுக்கும் உதவிகள் வந்தன. 1973-இல் வீட்டுடைமைக்கு எல்லை வகுத்த சட்டம், வாடகைக்கு இருந்தோர் பலரை உரிமையாளராக்கியது. 1970-களின் இறுதியில் யுனிசெப் நிறுவனத்தின் துணையோடு மாநகரசபை சுகாதாரப் பணியாளரைத் தோட்டங்களுக்கு அனுப்பியது. அங்கு வாழ்வோரே கூடிக் குறைகளை எடுத்துரைக்கும் மன்றங்களும் அமைந்தன. ஆயினும் 2001-ஆம் ஆண்டளவில் எடுத்த கணக்கின்படி, கொழும்பு நகரில் வருவாய் குறைந்தோர் குடியிருப்புகள் 1,614. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் எழுபத்தேழாயிரத்துக்கு மேல்.

2010-க்குப் பின்னர் இக்குடும்பங்கள் பலவற்றுக்கு அடுக்குமாடிகளில் வீடு தரப்பட்டது. சுவரும் கூரையும் தனி நீர்க்குழாயும் உள்ள வீடு நன்மையே; மறுப்பாரில்லை. ஆனால், வீட்டுத் திண்ணையிலே இடியப்பம் அவித்து விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? மின்தூக்கி பழுதானால் முதியவர் எப்படி இறங்குவார்? வீடு கொடுக்குமுன் இவற்றையெல்லாம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேளாமற் கொடுத்தால், பெரிய கொடையும் ஒரு பிடி அரிசி போலவே ஆகிவிடும்.

வறுமை மட்டுமே சமூகப் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. வெள்ளவத்தையில் உயர்ந்து நிற்கும் மாடி வீடுகளைப் பாருங்கள். போரினால் ஊர்விட்டு வந்த பெற்றோர் பலர் அங்கே வாழ்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் தவறாது வருகிறது. மருந்து வாங்கப் பணம் உண்டு; மருந்தை எடுத்துத் தர ஆள் இல்லை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தனர். அடைத்த கதவுக்குப் பின்னே தனித்திருக்கும் தாய்க்கு வேண்டியது தருமம் அன்று. கதவைத் தட்டி நலம் கேட்கும் ஒருவர்.

நேயர்களே, நாம் எல்லோரும் பட்டம் பெற்ற சமூகப் பணியாளர் ஆக இயலாது. பயிற்சி வேண்டிய இடத்தில் பயிற்சி பெற்றவரே வேண்டும். அத்தகையோரில் தமிழில் பேசிக் கேட்டறிய வல்லவரும் நிறைய வேண்டும். தன் துயரைத் தாய்மொழியில் சொல்ல இயலாதவர் பாதியைத்தான் சொல்வார். எனினும் நாம் செய்யக் கூடியவை உள. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாமையால் பள்ளியில் சேரத் தடுமாறும் பிள்ளையைக் கண்டால், கையில் காசு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். தாயாரோடு பிரதேச செயலகம் வரை நடந்து செல்லுங்கள். காலங்கடந்த பிறப்பையும் பதிவு செய்ய வழி உண்டு. ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதை அறிந்தால், 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டுக் கதவு இரண்டு நாள் திறவாதிருந்தால், தட்டிப் பாருங்கள்.

கொடுக்கும் கை நமக்குப் பழக்கமானது. அதனோடு கேட்கும் செவியும் சேருமாயின், இன்று வாசலில் நிற்பவர் நாளை அங்கே நிற்க வேண்டியிராது.