கல்யாண சிடி ஓட மாட்டேன் என்கிறதா?

‘வீடியோ ஓடலை, சிஸ்டம் போச்சு’ என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களில் பலருடைய சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இருக்காது. கடைப் பையன் அதைச் சொல்ல மாட்டான். “விண்டோஸ் பழசு சார், ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம்” என்பான். போட்டும் கொடுப்பான். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் பழையபடி அதே இடத்தில் நிற்கும். கூடவே, டெஸ்க்டாப் திரையிலேயே அடுக்கி வைத்திருந்த குழந்தையின் மொட்டை, காதுகுத்துப் போட்டோக்கள் அத்தனையும் போயிருக்கும்.

சிபியூவைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டே காரியம் செய்து பாருங்கள். ஓடாத வீடியோவை வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதே பிளேயரில் வேறொரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். பிளேயரை மாற்றியதும் ஓடினால் வீடியோ நன்றாக இருக்கிறது, பிளேயருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. மற்றதெல்லாம் ஓடி இது மட்டும் எதிலும் ஓடவில்லை என்றால் ஃபைல் கெட்டிருக்கிறது. எதைப் போட்டாலும் ஓடவில்லை என்றால் மட்டுமே சிஸ்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சிஸ்டத்துச் சங்கதிகள் பெரும்பாலும் கால் மணி நேரத்து வேலை. பிரவுசரில் மட்டும் படம் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்து சத்தம் மட்டும் கேட்டால், அதன் செட்டிங்ஸில் ‘கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’ என்றிருப்பதை அணைத்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். படம் வந்து சத்தம் வரவில்லையா? மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருப்பீர்கள். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வெளியீட்டை மாற்றினால் போதும்.

எனக்குக் கவலை இதெல்லாம் இல்லை. பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில், மணமக்கள் படம் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறதே, அந்த சிடிகள்.

கேசட்டெல்லாம் ஒழிந்து, பென் டிரைவ் வருவதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி, ஏறக்குறைய 2010 வரை தமிழ்நாட்டில் நடந்த கல்யாணங்களில் பெரும்பாலானவை விசிடியிலோ டிவிடியிலோதான் இருக்கின்றன. நிச்சயதார்த்தம் ஒன்று, முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. ஒரு விசிடிக்கு 74 நிமிடம்தான் என்பதால், மொய் எழுதுகிற வரிசை நீண்டுவிட்டால் நாலாவதும் உண்டு. ஸ்டூடியோக்காரர் மாஸ்டர் டேப்பை வைத்திருப்பார் என்று நம்பாதீர்கள். அன்றைய டேப் விலைக்கு, அடுத்த முகூர்த்தத்தில் அதன் மேலேயே பதிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டில் இருக்கிற அந்தத் தட்டுதான் மூலப் பிரதி.

விசிடி ஏன் சட்டென்று ‘ஸ்டக்’ ஆகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் 2,048 பைட் தகவல் இருக்கும். கீறல் விழுந்து சில பைட்டுகள் படிக்க முடியாமல் போனால், கணக்குப் போட்டு மீட்பதற்கென்று கூடுதலாக ஒரு பகுதியும் இருக்கும். 1993-இல் விசிடிக்கு விதிமுறை வகுத்தவர்கள், அந்தக் கூடுதல் பகுதியை எடுத்துவிட்டு அங்கேயும் படத்தையே நிரப்பினார்கள். செக்டாருக்கு 2,324 பைட். 650 எம்பி சிடியில் அதைவிடப் பெரிய வீடியோ அடங்கியது அப்படித்தான். சினிமா பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சிடிக்கு அது போதும். கல்யாணத்துக்குப் போதவில்லை. டேட்டா சிடி தாங்குகிற கீறலை விசிடி தாங்காது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது அதனால்தான்.

அந்த சிடியை டிரைவில் போட்டுத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘ஏவிசெக்01’ என்று தொடங்கி ‘டாட்’ என்று முடிகிற ஒரு ஃபைல் இருக்கும். கல்யாணம் முழுக்க அந்த ஒரே ஃபைலில்தான். அதைப் பிடித்து ஹார்ட் டிஸ்கில் போட்டால் பச்சைக் கோடு பாதி தூரம் ஓடும். அப்புறம் டிரைவ் ‘கர்... கர்...’ என்று இரையும். மானிட்டரே ஒரு நிமிடம் உறையும். பிறகு, படிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் சிடியை எடுத்துக் குப்பையில் போடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அங்கே கெட்டிருப்பது சில செக்டார்கள்தான். அவற்றைத் தாண்டிப் போகத் தெரியாமல் விண்டோஸ் முழு வேலையையும் கைவிட்டுவிடுகிறது.

சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் பாதிக் காரணமாக இருக்கும். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை லேசாக நனைத்து, நடுத் துளையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழுகிற கீறல் தடத்தோடு தடமாக ஓடித் தொடர்ந்து பல செக்டார்களைச் சாப்பிட்டுவிடும். குறுக்கே விழுகிற கீறலை டிரைவ் ஓரளவு சமாளித்துவிடும். பற்பசை போட்டுத் தேய்ப்பது, வாழைப்பழத் தோலைத் தடவுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். துடைத்த பிறகும் படிக்கவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொன்று படிப்பது சகஜம். அதற்கும் மசியவில்லை என்றால், கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டிப் படித்து மீதியைக் காப்பாற்றித் தருகிற மீட்பு மென்பொருள்கள் இருக்கின்றன. தாலி கட்டுகிற இடத்தில் இரண்டு விநாடி போகலாம். மீதிக் கல்யாணம் கைக்கு வந்துவிடும்.

காப்பியான ‘டாட்’ ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். விஎல்சியைக் காட்டுங்கள். 1996-இல் பாரீஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றும் இலவசம்தான், விளம்பரமும் கிடையாது. வீடியோவைப் பிரித்துப் படிக்கிற கோடெக்குகள் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. ‘இந்தப் படத்தைப் பார்க்க இந்த கோடெக்கை இன்ஸ்டால் செய்க’ என்று எந்த இணையப் பக்கமாவது சொன்னால், அந்த ஜன்னலை அப்படியே மூடிவிடுங்கள். 2005 வாக்கில் பரவிய ‘ஸ்லாப்’ என்ற ட்ரோஜன் கோடெக் வேஷத்தில்தான் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. வேஷம் இன்னும் மாறவில்லை.

டிவிடி இன்னொரு தினுசு. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே டிவிடியைப் படிக்கிற வசதியை அதன் மீடியா பிளேயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பா காலத்து சிஸ்டத்தில் அழகாக ஓடிய டிவிடி, மகன் வாங்கிய சிஸ்டத்தில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டிவிடி கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இங்கேயும் விஎல்சியே கைகொடுக்கும். எழுதியவர் கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருந்தால் மட்டும் எழுதிய மெஷின் தவிர வேறு எதிலும் அது திறக்காமல் போகலாம். அதற்கும் மீட்பு மென்பொருள் உண்டு. படம் ஓடும்போது, பந்தியில் பரிமாறுகிறவரின் கை அசைகிற இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம், அது அந்தக் காலத்து டிவிக்காக எடுத்த படம். விஎல்சியில் ‘டி’ எழுத்தை ஒரு தட்டு தட்டினால் கோடுகள் மறையும். உதட்டுக்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை என்றால் ‘ஜே’, ‘கே’ இரண்டையும் தட்டித் தட்டிச் சரிசெய்யலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட்.

பழசுக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளை, பேரனின் பிறந்தநாள் வீடியோவைத் தன் போனிலிருந்து அப்பாவின் சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டுப் போகிறான். அவன் விமானம் ஏறிய பிறகு திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது; அல்லது படம் நொண்டுகிறது. ஐபோன்கள் 2017 முதல் ‘எச்இவிசி’ என்ற முறையில் படம் பிடிக்கின்றன. ஃபைலின் பெயர் என்னவென்று பார்த்துப் பயனில்லை. எம்பி4, எம்ஓவி எல்லாம் டப்பாதான். உள்ளே அடைத்திருப்பது எது என்பதில்தான் விஷயம். விஎல்சியில் கண்ட்ரோலையும் ‘ஜே’யையும் சேர்த்து அழுத்தினால் அது தெரிந்துவிடும்.

விண்டோஸின் சொந்த பிளேயருக்கு எச்இவிசி தெரிய வேண்டுமென்றால், அதன் ஸ்டோரில் ஒரு சிறு தொகை கட்டி நீட்சியை வாங்க வேண்டியிருக்கும். விஎல்சிக்கு அது வேண்டாம். ஆனால் 2015-க்கு முன் வாங்கிய சிஸ்டங்களின் கிராபிக்ஸ் சிப்புக்குப் பெரும்பாலும் இந்த முறையே தெரியாது. அந்தச் சுமை மொத்தமும் பிராசசர் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியூ நூறு சதவீதத்தில் மூச்சு வாங்குவது தெரியும். 4கே படமென்றால் கேட்கவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எச்.264 முறைக்கு, 1080பி அளவுக்கு, ஒரு பிரதி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதி என்றுதான் சொன்னேன். கன்வெர்ட் ஆனதும் ‘இடத்தை அடைக்குது’ என்று மூலத்தை அழித்துவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கன்வெர்ட் செய்யும்போதும் படம் கொஞ்சம் தேயும். அதே கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி, வந்ததை இறக்கி வைத்துக்கொண்டு, மூலத்தை அழித்த குடும்பங்கள் உண்டு. பெரிய டிவியில் போட்டால் அத்தை யார், சித்தி யார் என்று தெரியாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், தேயாமல் போய்ச் சேரும்.

பாதியில் பிடுங்கிய பென் டிரைவும் இதே ரகம்தான். எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகு, கடைசியில்தான் எழுதுகின்றன. காப்பி முடிவதற்குள் பிடுங்கிவிட்டால் அந்த அட்டவணை இருக்காது. தொண்ணூறு சதவீதம் வந்திருந்தாலும் ஒரு விநாடிகூட ஓடாது. மூலத்தையும் பிரதியையும் ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் பைட் கணக்கு ஒன்றுதானா என்று பாருங்கள். இடமிருந்தும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்க மறுக்கும் பென் டிரைவ், ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.

‘யூடியூபில் ஏற்றிப் பூட்டிவிட்டால் போதுமே, இந்தப் பாடு எதற்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீடியோவில் ஸ்டூடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கேள்வி வந்து நிற்கும். ஏற்றியதும் அங்கேயும் படம் தேயும். மூலத்துக்கு அது மாற்றாகாது.

இப்போது வருகிற சிபியூக்களில் பலவற்றில் டிவிடி டிரைவுக்கு இடமே விடுவதில்லை. யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால், சொந்தத்தில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் பழைய சிபியூ நிச்சயம் இருக்கும்; கேட்டு வாங்குங்கள். எழுதுகிற சிடியின் சாயம் வெயிலிலும் புழுக்கத்திலும் தானாகவே வெளுக்கும், பீரோவுக்குள் பத்திரமாக இருந்தாலும்கூட. இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஓடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொன்றையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி, இன்னொரு வீட்டில் இருக்கிற ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.