இணையாகச் செல்லாத கோடுகள்

சுவீடனின் எஸ்.கே.எஃப். நிறுவனம் பேரிங்குகளின் ஆயுளைக் கூட்ட மூன்று காரணிகளை இருநிலைகளில் வைத்து எட்டுச் சோதனைகள் நடத்தியது. குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் கூட்டின் வடிவால் பெரிய மாற்றமில்லை. எஞ்சியவை உள்வளையத்தின் வெப்பப் பதப்பாடும் வெளிவளையத்தின் வளைவும். முதன்மை விளைவு வரைபடத்தில் இரண்டின் கோடுகளும் தனித்தனியே ஏறத்தாழ 20இலிருந்து 64க்கு உயர்கின்றன. எந்த ஒன்றை மாற்றினாலும் ஆயுள் மும்மடங்காகும் என்று மாணவர் எழுதிவிடக்கூடும். வரைபடமும் அவ்வாறுதான் தூண்டுகிறது.

இடைவினை வரைபடத்தில் கிடையச்சில் பதப்பாட்டைக் குறித்து, வளைவின் நிலைக்கு ஒன்றாக இரு கோடுகள் வரைவோம். பழைய வளைவில் சராசரி ஆயுள் 18இலிருந்து 21க்கு மட்டுமே நகர்கிறது; புதிய வளைவிலோ 23இலிருந்து 106க்கு மேல் பாய்கிறது. கோடுகள் இணையாகச் சென்றிருந்தால் முதல் வரைபடமே போதும். நம் பள்ளி ஆய்வகங்களில் பழகிய, ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றும் முறை, 18இலிருந்து தொடங்கி 21ஐயும் 23ஐயும் கண்டு அங்கேயே நின்றிருக்கும்.