விபத்து நஷ்டஈடு: ஒரு சின்னக் கணக்கு

"சார், கார் மோதிக் கால் போனால் எவ்வளவு கிடைக்கும்?" என்று சங்க அன்பர் ஒருவர் கேட்டார். கட்டிய விலை கிடையாது, கணக்கு உண்டு.

சரளா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்களை வகுத்தது. 36 முதல் 40 வயது வரை 15. 56 முதல் 60 வரை 9. நிரந்தர ஊனத்துக்கும் இதுவே அளவுகோல்.

38 வயதுத் தச்சர். மாத வருமானம் 20,000 ரூபாய். எதிராளி தவறு நிரூபணமாகி, சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் குறைந்ததாகத் தீர்ப்பானால், ஆண்டு இழப்பு 72,000. பதினைந்தால் பெருக்க 10,80,000. வைத்தியச் செலவு, வலிக்கான தொகை தனி.

டாக்டர் எழுதும் ஊன சதவீதமே வருமான இழப்பு அல்ல. அதே கால் ஊனம் நாற்காலியில் அமரும் குமாஸ்தாவைவிடத் தச்சரை அதிகம் முடக்கும். ஆகவே தொழிலுக்கும் வருமானத்துக்கும் சாட்சியம் வேண்டும். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், எஃப்.ஐ.ஆர். நகல் எதையும் தொலைக்காதீர்கள்.

லீவில் ஊருக்குப் போன இடத்தில் விபத்து நேர்ந்தாலும், இங்கே நாம் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 6 மாதத்துக்குள் செய்துவிடுங்கள். சமரசத் தாளில் கையெழுத்திடுமுன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.