உரும்பிராயின் கிணறும் மலக்குழியும்

யாழ்ப்பாணத்தில், பலாலி வீதியோரத்து உரும்பிராய் செம்மண் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். செம்மண்ணின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீரைச் சேமித்துத் தருவதும் அந்தக் கல்தான்; மேலிருந்து இறங்கும் அழுக்கைத் தடுக்காமல் விடுவதும் அதுதான். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலக்குழியில் கசிவதும் வெடிப்புகள் வழியே நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கின்றன. இவ்வூர் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டுவதை ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. கொதிக்கவைத்தால் போதுமே என்பார்கள். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம்: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கலாம்.

பழியெல்லாம் பசளைக்கா? 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டிலேயே பின்வாங்கிய கதை நாடறியும். தோட்டக்காரர் அளவறிந்து போடவேண்டும், உண்மைதான். ஆனால் காணி பிரிபடப் பிரிபடக் கிணறும் மலக்குழியும் நெருங்குவதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தாளையடியில் யாழ்ப்பாணத்துக்கு நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதே என்று கேட்கலாம். இரணைமடுக் குளத்து நீரைத் தரக் கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தபின் வந்த நல்ல தீர்வு அது. எனினும் குழாய்நீர் பெருகினால் வீட்டுக் கழிவுநீரும் பெருகும். அது இறங்கும் நிலம் மாறாது. ஆகவே குழாயோடு, அடிமூடிய தொட்டியும் அதை வெறுமையாக்கும் பவுசரும் கழிவைச் சுத்திகரிக்கும் இடமும் சேர்ந்தே வரவேண்டும். வீட்டு வரைபடத்துக்குப் பிரதேச சபை அனுமதி கொடுக்கும் மேசையிலேயே அதைத் தொடங்கலாம்.