நண்டு சொன்ன உப்பு ரகசியம்

கண்ணீர் கரிக்கிறது. வியர்வை கரிக்கிறது. இரத்தமும் கரிக்கிறது. ஏன்? நம் உடம்பில் ஓடுவது உப்பு நீர்!

சாப்பாட்டு உப்பில் இருப்பது சோடியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் நிறைய இருப்பது பொட்டாசியம். உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம்.

புற்று நோய் பிடித்த செல்லில் இந்தக் கணக்கு மாறுகிறது. உள்ளே சோடியம் ஏறி விடுகிறது. விஞ்ஞானிகள் இதை எப்படிக் கண்டு பிடித்தார்கள்?

நண்டுக் கால்

டென்மார்க் நாட்டு டாக்டர் ஜென்ஸ் ஸ்கூ, நண்டுகளின் கால் நரம்பை எடுத்து ஆராய்ந்தார். செல்லின் சவ்வில் ஒரு "பம்பு" வேலை செய்வது தெரிந்தது. அது 3 பங்கு சோடியத்தை வெளியே தள்ளும். 2 பங்கு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஸ்கூ இந்தப் பம்பைப் பற்றி 1957-ல் எழுதினார். 40 ஆண்டு கழித்து, 1997-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லத்தீன் மொழியில் "கான்சர்" என்றால் நண்டு என்றே பொருள். என்ன பொருத்தம்!

விண்வெளிக் கூடத்தில்

அமெரிக்காவின் "நாசா" விண்வெளி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் கிளாரன்ஸ் கோன். ஒவ்வொரு செல்லிலும் சிறிதளவு மின்சாரம் உண்டு. பெருகாத நரம்பு செல்லில் அது அதிகம். ஓயாமல் பெருகும் புற்று செல்லில் குறைவு. "சோடியம் உள்ளே ஏறினால் செல் பெருகத் தொடங்கும்" என்பது 1971-ல் கோன் வெளியிட்ட கருத்து.

சான்று வேண்டாமா? 1980-ல் ஐவன் காமெரானும் அவர் கூட்டாளிகளும் எலிகளைச் சோதித்தார்கள். புற்று செல்களுக்குள் சோடியம் அதிகம் இருந்தது! 2003-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மனிதரின் மூளைக் கட்டிகளைக் காந்த ஸ்கேன் மூலம் படம் எடுத்தார்கள். கட்டி இருந்த இடத்திலும் சோடியம் அதிகம்.

உப்பை விட்டால் தீருமா?

தீராது! சோடியம் ஏறியதால் புற்று வந்ததா, புற்று வந்ததால் சோடியம் ஏறியதா? இதற்கு முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. மேலும், இரத்தத்தில் உப்பின் அளவைச் சிறுநீரகம் காத்து வருகிறது. சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதால் புற்று செல்லுக்குள் இருக்கும் உப்பு இறங்கி விடாது.

சிலர் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொட்டாசிய மாத்திரையை விழுங்குகிறார்கள். இது ஆபத்து. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயமே நின்று விடும்!

கரையாத கட்டியா? ஆறாத புண்ணா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டு கொண்டால், பல புற்று நோய்களைக் குணப்படுத்தி விடலாம்.